ஏழாம் நம்பர் கட்டு

ஏழு அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பின்னால் யாரும் வந்து குத்திக்காட்ட வேண்டாம். ஆனால் பதினான்கு வருஷம் ஒரே மேஜையில் அவளுக்கு எதிரில் நின்று வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களிடம் விட்டால் 'தங்கமான மனுஷி, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அதிர்ந்து பேசமாட்டாளா! அவள் என்னை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்ன அன்றைக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

எங்கள் வேலை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். பலகையில் பிரிவின் பெயர் நீளமாக எழுதியிருக்கும். எல்லோரும் சொல்வது 'கீழ் ரூம்'. ஜன்னல் கிடையாது. மேலே மழையா வெயிலா என்பது வேலைக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கத்தரி, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப், சாமணம் எல்லாம் ரத்தத்தோடு லிஃப்டில் எங்களிடம் இறங்கி வரும். ஒரு பக்கம் தொட்டியில் கழுவிக் கொடுப்பார்கள். நாங்கள் அவற்றைத் தட்டில் அடுக்கி, சீட்டில் போட்டிருக்கிற கணக்குப்படி எண்ணி, இரண்டு துணியில் சுற்றிக் கட்டி, டேப் ஒட்டி, நீராவி எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும், ஆவி பட்டால் கறுத்துவிடும். அந்த டேப்பின் மேல் தேதியையும் கட்டியவரின் நம்பரையும் மார்க்கரால் எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. நான் பதினொன்று. அவள் ஏழு. எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. கால் நரம்பு சுருட்டிக்கொள்ளாத ஆள் எங்கள் ரூமில் கிடையாது.

நடுவில் ஒரு மேஜை போட்டு எங்கள் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எந்திரத்துக்குப் போகிற ஒவ்வொரு கட்டையும் அவர் பிரிப்பார், எண்ணுவார், திரும்பச் சுற்றுவார். கட்டியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த இடத்திலேயே மானத்தை வாங்கிவிடுவார். ஆனால் டேப்பில் ஏழு என்று இருந்தால் மட்டும் பிரிக்கமாட்டார். கையால் தள்ளி விடுவார், கட்டு நேராக உள்ளே போகும். சட்டத்தில் அப்படி இல்லை. பழக்கத்தில் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவள் கட்டிய எதிலும் ஒரு ஊசி குறைந்ததில்லை.

அவள் ஒன்றும் இந்த வேலைக்காகப் பிறந்தவள் இல்லை. நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டாள், இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. பஸ் டிரைவர் மாப்பிள்ளை. அதற்கு அடுத்த வருஷம் மகள். ஆஸ்பத்திரிக்குள் எப்படியாவது நுழைந்துவிட்டால் நர்ஸாகிவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி லாண்டரியில் சேர்ந்திருக்கிறாள். நான்கு வருஷம் போர்வை மடித்தாள். பிறகு கீழ் ரூம். மேலே மட்டும் போகவே இல்லை. "ஒரு மாடி ஏறுறதுக்கு இத்தனை வருஷம் பத்தலடி" என்று அவளே சிரிப்பாள். மகள் இப்போது ஏதோ ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் 'ஆஸ்பத்திரியில இருக்காங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாளாம். அக்கா அதையும் சிரிப்பாகத்தான் சொன்னாள்.

போன வருஷம் நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்தது. சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். "உங்க வேலையில அர்த்தத்தைத் தேடுங்க! நீங்க தட்டு அடுக்கல, உயிரை அடுக்குறீங்க!" என்று கத்தினார். எங்களுக்கோ நாற்காலியில் உட்காரக் கிடைத்ததே பெரிய விஷயம், பாதிப் பேர் கண்ணசந்துவிட்டார்கள். முடிவில் ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்து 'என் வேலையின் அர்த்தம்' என்று ஒரு வரி எழுதச் சொன்னார். லாண்டரிக்காரர்கள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதி, மூன்றிலும் 'மக்கள் சேவை'. பூதக்கண்ணாடி எழுதியது 'மனித குலத்துக்குத் தொண்டு'. ஒரு நாள் லீவு கேட்டால் மனுஷன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், தொண்டாம்! நான் 'சம்பளம்' என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்: 'சீட்டில் பத்து என்றால் தட்டில் பத்து இருக்கும்.'

பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெரிசா யோசிங்கம்மா" என்றார்.

"பெரிசா யோசிச்சா எண்ணிக்கை தப்பிரும் சார்."

அட்டைகளையெல்லாம் நடைபாதைப் பலகையில் குத்தி வைத்தார்கள். அவளுடையது கீழ் மூலையில். என்னுடையதைக் குத்தவே இல்லை.

எனக்கு அவள்மேல் பொறாமை இருந்தது. மூடி மறைப்பானேன். தியேட்டரிலிருந்து போன் வரும்போது எடுப்பவள் நான். மேலே பொறுப்பில் இருக்கிற பெரிய சிஸ்டர் பேசுவார். "நாளைக்குப் பெரிய கேஸ். ஏழாம் நம்பர் கட்டா பாத்து அனுப்புங்க" என்பார். வருஷக் கணக்காக அப்படிக் கேட்டிருக்கிறார். நான் ஒரு தடவைகூட அக்காவிடம் சொன்னதில்லை. சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. ஆனாலும் வாய் வரவில்லை. நானும் அதே மேஜையில்தானே நிற்கிறேன், நானும் எண்ணித்தானே வைக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு கடுப்பு.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஐந்தே காலுக்கு எனக்கு பஸ். அதை விட்டால் என் மகள் பள்ளிக்கூட வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். முந்தின நாள்தான் வாட்ச்மேன், "உங்களுக்காக நான் கேட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். என் கையில் கடைசித் தட்டு, வயிற்று ஆபரேஷனுக்கான பெரிய தட்டு. எண்ணினேன். எண்ணியதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். கை கிளாம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, மனசு கேட் வாசலில் நின்றது. சுற்றிக் கட்டி டேப் ஒட்டிவிட்டு நிமிர்ந்தால், பூதக்கண்ணாடி மேஜையில் எனக்கு முன்னால் நான்கு கட்டு காத்துக்கொண்டிருக்கிறது. பதினொன்று என்று போட்டால் நானும் நிற்க வேண்டும். பஸ் போய்விடும்.

மார்க்கரை எடுத்தேன். ஏழு போட்டேன்.

அக்கா ஏழு போட்டால் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு இழுப்பாள். பதினான்கு வருஷம் பார்த்த கை, அதையும் சேர்த்தே போட்டது. அக்கா அப்போது எந்திரத்துப் பக்கம் போயிருந்தாள். பூதக்கண்ணாடி ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் கட்டைத் தள்ளி விட்டார். ஐந்தே கால் பஸ் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது.

மறுநாள் காலை மேலே அந்தக் கட்டைப் பிரித்திருக்கிறார்கள். தியேட்டரில் இரண்டு தடவை எண்ண வேண்டும். வயிற்றைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை, மூடுவதற்கு முன் ஒரு தடவை. ஏழு என்றால் முதல் எண்ணிக்கை அங்கேயும் கிடையாது, பெரிய சிஸ்டர் கையெழுத்து மட்டும் போட்டுவிடுவார். எங்கள் பூதக்கண்ணாடி எப்படியோ, அப்படியே அவரும். மூடுவதற்கு முன் எண்ணினால் கிளாம்ப் ஒன்பது. சீட்டில் பத்து. குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தார்கள், தரையில் தவழ்ந்து தேடினார்கள், துணிகளை உதறினார்கள். உள்ளே விட்டுவிட்டோமோ என்று எக்ஸ்ரே எந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் படுத்திருந்த அம்மாளை ஐம்பது நிமிஷம் கூடுதலாக மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு கீழே போன் வந்தது. பத்தாவது கிளாம்ப் எங்கள் கழுவுகிற தொட்டியின் சல்லடைக் கூடையில் சாவகாசமாகக் கிடந்தது.

அந்த அம்மாள் பிழைத்து, ஆறாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள். நான் மூன்று தடவை வார்டுக்குப் போய் விசாரித்தேன். யார் என்று கேட்டதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொன்னேன்.

பூதக்கண்ணாடி அந்த டேப்பை ஒரு தாளில் ஒட்டிக்கொண்டு வந்து அக்கா முன்னால் வைத்தார். ஷிஃப்ட் முடியும்போது அன்றைக்கு எத்தனை தட்டு கட்டினோம் என்று ஒவ்வொருவரும் நாள் தாளில் எழுதி வைக்க வேண்டும். அவள் தாளில் ஐந்து. எந்திரத்துக்குப் போன கணக்கில் ஏழாம் நம்பர் கட்டு ஆறு.

"அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆறு இருக்கு. எழுதவும் மறந்துட்டீங்க, எண்ணவும் மறந்துட்டீங்களா?"

என் தாளில் ஒன்று கூடுதலாக இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஏழு வந்த பிறகு பதினொன்றை யார் பார்ப்பார்கள்?

அக்கா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தத் தட்டைக் கட்டுனதா எனக்கு ஞாபகமே இல்லையே சார்" என்றாள். அப்புறம், "நம்பர் என்னுதுதான். அப்ப நான்தான்" என்றாள்.

நான் குனிந்து என் தட்டை அடுக்கிக்கொண்டே இருந்தேன். போன வருஷம்தான் என்னை நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள். வேலை போய்விடும், மகள் படிப்பு போய்விடும் என்று பயம். பயம் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். மனசில் எங்கோ ஒரு ஓரத்தில், 'ஏழுக்கும் விழுந்ததா ஒரு அடி' என்று ஒரு அற்ப சந்தோஷம். சீ! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் நடைபாதைப் பலகையின் கீழ் மூலையில் அட்டை இல்லை. ஊசி மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். ஒவ்வொரு தட்டையும் மூன்று தடவை எண்ணுவாள். சுற்றுவாள். டேப் ஒட்டப் போகும்போது சட்டென்று பிரித்து நாலாவது தடவை. முன்பு ஒரு ஷிஃப்டுக்கு ஐந்தாறு தட்டு கட்டியவள் மூன்றோடு நின்றாள். அவள் கட்டையும் இப்போது பூதக்கண்ணாடி பிரிக்கிறாரா என்றால், இல்லை. மெமோ கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. பழக்கம் பழக்கமாகவே இருந்தது. டீ குடிக்கும்போது அவள் உதடு எண்ணிக்கொண்டிருக்கும். நான் பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் அவளே சொன்னாள். "எங்கம்மா கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்கடி. அவங்களுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு. எனக்கும் ஆரம்பிச்சிருச்சு போல."

"சும்மா இருங்கக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பிறகு விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்னும் ஐந்து வருஷம் சர்வீஸ் இருக்கிறது. "கை எண்ணுது, தலை நம்ப மாட்டேங்குது. எவளோ ஒருத்தி வயித்துல எதையாவது விட்டுடறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்" என்றாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள் என்று முடிவானது. தப்பில்லாமல் இருபத்தாறு வருஷம் எண்ணியவள், தப்புச் செய்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டு வெளியே போகப் போகிறாள். தடுக்கக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். நானோ வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன்.

அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, மனுவில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, வாங்கி வா என்று பூதக்கண்ணாடி என்னை அனுப்பினார். அவள் வீடு இரண்டாம் மாடியில், இரண்டே அறை. முன்னறையில் அவள் புருஷன் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீயாவது சொல்லும்மா. வீட்டைப் பூட்டுறா, இழுத்துப் பாக்குறா, படி எறங்குறா, திரும்ப ஏறி வந்து இழுத்துப் பாக்குறா. நேத்து மூணு தடவை. நாப்பது பேரை வச்சு பஸ் ஓட்டுறப்பக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்ல. புதன்கிழமை மூளை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

சமையலறையில் அக்கா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கழுவிய கரண்டிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போடுகிறாள். "ஆறு… ஏழு…" ஏழு வந்ததும் நிறுத்தினாள். எல்லாவற்றையும் கொட்டினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அந்தத் தட்டு நான் கட்டுனது."

திரும்பினாள். "எந்தத் தட்டு?"

"அந்த வியாழக்கிழமை. பஸ்ஸுக்கு நேரமாச்சு. என் நம்பரைப் போட்டா அவரு பிரிப்பாரு. அதனால உங்க நம்பரைப் போட்டேன். நீங்க அதைத் தொடவே இல்லக்கா. நீங்க அஞ்சுதான் கட்டுனீங்க."

கரண்டி அவள் கையிலேயே இருந்தது. என்னைத் தாண்டி முன்னறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி மெலிந்துபோய் வந்தது.

"என்னங்க… எனக்கு மறதி இல்லையாம்ங்க."

அவர் பாலிஷ் கையோடு எழுந்து வந்தார். அக்கா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் தோளைத் தொட்டேன். தொட்டதுதான் தாமதம்.

"கையை எடு! அஞ்சு மாசம்டி! அஞ்சு மாசம் எதிர்ல நின்னு பாத்தியே! நான் எண்ணுறதையும் பாத்த, பிரிக்கிறதையும் பாத்த! எங்கம்மா மாதிரி ஆயிட்டேன்னு உன்கிட்டதானேடி சொன்னேன்! உனக்கு டீ எப்படி உள்ள எறங்குச்சு? வெளிய போ! போடி வெளிய!"

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கையெழுத்து வாங்காமலே படி இறங்கினேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பூதக்கண்ணாடியிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு மாசத்துக்கு முந்துன கதை. ஃபைலை மூடியாச்சு. அந்தம்மா வெள்ளிக்கிழமை போகப் போறாங்க. இப்பப் போய் கிளறுனா, நீ ஏன் பிரிச்சுப் பாக்கலன்னு என்னைத்தான் கேப்பாங்க. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கேட்க வேண்டியவர் வேண்டாம் என்றுவிட்டார், இனி என்ன?

டீ நேரத்தில் அக்கா என் பக்கம் பார்க்காமலே கேட்டாள். "சொன்னியா?"

"சொன்னேன். விட்டுடுன்னுட்டாரு."

"உனக்கு நல்லதாப் போச்சு." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "மேல போய்ச் சொல்லு. என் கட்டை எண்ணாம வாங்குனவங்க அவங்க. அவங்களுக்குத் தெரியணும்."

"நீங்களும் கூட வாங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"நான் எதுக்கு? நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஐந்து மாதமாக அவளால் சொல்ல முடியாமல் இருந்த வாக்கியம். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று இன்னொரு தடவை, எனக்கில்லாமல் தனக்கே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

லிஃப்டில் ஏறினேன். பெரிய சிஸ்டரை அதுவரை போனில்தான் தெரியும். நேரில் பார்த்தால் என்னைவிடக் குள்ளமாக, என்னைவிடக் களைத்துப்போய், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வியாழக்கிழமையின் எங்கள் இருவர் நாள் தாளையும் எதிரில் வைத்தேன். அவள் தாளில் ஐந்து, என் தாளில் ஒன்று கூடுதல். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எண்ணாம கையெழுத்துப் போட்டது நான்" என்றார். "அதை இதுவரைக்கும் யாரும் கேக்கல. ஏழு மேல பழியைப் போட்டுட்டு எல்லாருமா கையைக் கழுவிட்டோம். நீ மட்டும் இல்லம்மா."

பதிவேட்டை எடுத்தார். அந்தத் தேதிக்குப் புரட்டி, ஏழு என்பதைச் சிவப்பு மையில் அடித்துப் பதினொன்று என்று எழுதினார். அதற்குக் கீழே, 'முதல் எண்ணிக்கை எடுக்கப்படவில்லை' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். அதன்பேரில் நிர்வாகம் கொடுத்தது எனக்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம், ஒன்றாம் தேதியிலிருந்து ஆறு மாதம் கழுவுகிற தொட்டி. பூதக்கண்ணாடிக்கு ஒரு விளக்கக் கடிதம். அவர் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை, அதில் எனக்கு நஷ்டமும் இல்லை.

அக்காவுக்கு வந்த கடிதத்தில் மெமோ ரத்து என்று இருந்தது. படித்தாள், நான்காக மடித்தாள், பைக்குள் வைத்தாள். மூளை டாக்டர் நேரத்தையும் ரத்துச் செய்துவிட்டதாக அவள் புருஷன் போனில் சொன்னார்.

வியாழக்கிழமை மனசு கேட்காமல் போய் நின்றேன். "அக்கா, மனுவைத் திரும்ப வாங்கிக்கலாமே. நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு."

"எதுக்கு? முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. இருபத்தாறு வருஷம் நின்னாச்சு, போதும். போன வாரம் வரைக்கும் ஓடிப்போறவ மாதிரி போக இருந்தேன். இப்ப வேலை முடிஞ்சு போறேன்."

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"அதெல்லாம் இப்பக் கேக்காத. எனக்குக் குடுக்க வரல. வந்தா சொல்றேன்."

"அந்த மஞ்சள் அட்டையாவது திரும்பக் குத்தி வைங்க."

"அதை அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். அட்டையில இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழாவில் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, 'தன்னலமற்ற சேவை' என்று தாளைப் பார்த்துப் படித்தார், அவள் பிரிவின் பெயரைத் தப்பாகச் சொன்னார். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அக்கா அதை வாங்கி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். ஷிஃப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கடைசியாக மேஜையில் இரண்டு பெரிய தட்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அவள் தட்டை ஒரே ஒரு தடவை எண்ணினாள். கை தயங்கவில்லை. சுற்றினாள், ஒட்டினாள், குறுக்குக் கோட்டோடு ஏழு போட்டாள். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். அந்த வாரம் முழுவதும் அவளாக என் பக்கத்தில் வந்தது அப்போதுதான்.

"எண்ணு" என்றாள்.

"அக்கா…"

"வாய் விட்டு எண்ணு."

எண்ணினேன். கத்தரி, சாமணம், ஊசி பிடிக்கிற ஹோல்டர், கடைசியில் கிளாம்ப். பத்து வந்ததும் சீட்டைத் தட்டிக் காட்டினாள். மடித்தேன், டேப் ஒட்டினேன். மார்க்கரை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன், கை வரவில்லை.

"உன் நம்பரைப் போடு."

பதினொன்று என்று போட்டேன். கோணலாகத்தான் வந்தது.

அக்கா இரண்டு கட்டையும் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பூதக்கண்ணாடி மேஜையில் வைத்தாள். அவர் பழக்க தோஷத்தில் ஏழாம் நம்பர் கட்டை அந்தப் பக்கம் தள்ளப் போனார். அக்கா கட்டின் மேல் கையை வைத்து அமுக்கினாள்.

"பிரிங்க சார்."

"உங்களுதாம்மா இது. கடைசி நாளு வேற."

"அதனாலதான் சொல்றேன். அன்னைக்கும் பிரிச்சிருக்கணும். ரெண்டையும் பிரிங்க."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே டேப்பைக் கிழித்தார். எனக்குத் தெரிந்து ஏழாம் நம்பர் கட்டு அந்த மேஜையில் பிரிந்தது அதுதான் முதல் தடவை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, பரீட்சைத் தாள் வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள். உதடு அசையவில்லை. அவள் எண்ணவில்லை, அவர் எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"கிளாம்ப் பத்து" என்றார் அவர். "சரியா இருக்கு."

"எழுதிக்கோங்க" என்றாள் அக்கா.

அவர் எழுதிக்கொண்டார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், கடிகாரத்தை மறந்துவிட்டு லிஃப்டுக்குப் போனாள்.